வீணையில் இரைச்சல்: மெழுகில் கை வைப்பதற்கு முன்

வீணையில் ‘ஜர்ர்’ என்று ஓர் ஒலி கேட்டதுமே எல்லார் கண்ணும் மெட்டுக்கு, அதாவது தந்தியை வைத்து அழுத்தும் உலோகப் பட்டைக்குத்தான் போகும். மெட்டைத் தாங்கும் மெழுகு இளகிவிட்டது, மேளம் கட்ட (மெழுகில் மெட்டுகளைப் புதிதாகப் பதிக்க) கொடுக்க வேண்டும் என்று முடிவுகட்டிவிடுவார்கள். பிரித்துப் பார்த்தால் பழைய தந்தி ஒன்றோ, லங்கரில் (தந்திகளின் வால் முனையைப் பிடிக்கும் கம்பிகளில்) ஆடும் வளையம் ஒன்றோதான் காரணமாக இருக்கும். மெழுகுக்கு ஒருமுறை சூடு காட்டினால் அந்த மெட்டின் சுருதியும் கூடவே நகரும். திரும்ப அதை இடத்தில் உட்கார வைப்பது லேசான வேலை இல்லை. ஆகவே வரிசை இதுதான்: முதலில் தந்தி, பிறகு ஆடும் உறுப்புகள், பிறகு குதிரை (அகன்ற குடத்தின் மேல் தந்திகளைத் தாங்குவது), மேரு (மறுமுனையில் தந்தி உட்காரும் தடுப்பு), எல்லாம் முடிந்த பின்பே மெட்டு.

நாதமா, இரைச்சலா?

குதிரையின் மேலிருக்கும் வெண்கலத் தகடு மட்டமானது அல்ல, லேசாக வளைந்திருக்கும். தந்தி அதிரும்போது அந்த வளைவை உரசியும் விலகியும் போகிறது. வீணையின் கார்வைக்கு உயிர் கொடுப்பது இந்த உரசல்தான். கிடார் கேட்டுப் பழகிய காதுக்கு இதுவே கோளாறாகப் படலாம். அதைத் துடைத்து எடுத்துவிட்டால் வீணை மரக்கட்டை மாதிரி ஒலிக்கும்.

நல்ல நாதம் எல்லா மெட்டிலும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருக்கும். மீட்டிய ஒலியோடு சேர்ந்தே தேய்ந்து அடங்கும். மெட்டில் தந்தி இடித்தால் அப்படி இருக்காது. மீட்டிய கணத்தில், தந்தி அகலமாக ஆடும்போது மட்டும் கரகரவென்று கேட்டுவிட்டுச் சட்டென்று தெளிந்துவிடும். ஏதாவது ஓர் உறுப்பு தளர்ந்திருந்தால், மீட்டிய ஸ்வரத்தோடு ஒட்டாத வறண்ட ஒலி ஒன்று தனியாகக் கேட்கும். தகட்டில் கோளாறு என்றால் ஒலி அடங்கும் வரை இரைச்சல் விடாமல் தொடரும்; மெட்டு மாறினாலும் மாறாது. இந்த மூன்றையும் காதால் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. சுருதி பார்க்கும் கருவி அல்லது கைபேசிச் செயலி, டார்ச், சாதாரண ஏ4 தாளில் அரை செ.மீ. அகலத்துக்கு வெட்டிய துண்டுகள், பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்று, 15 செ.மீ. இரும்பு ஸ்கேல், பருத்தித் துணி, 800-ம் 1200-ம் எண் உப்புத்தாள், பென்சில். மெட்டு வேலைக்குப் போவதானால் 25 வாட் சால்டரிங் அயர்னும் மூங்கில் குச்சி ஒன்றும். ஏ4 தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ.; இடைவெளியை அளக்க அதைவிட மலிவான கருவி கிடையாது.

சுருதியும் தந்தியும்

வீணையை வழக்கமான சுருதிக்கு ஏற்றிவிட்டுத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும். பாட்டுக்குத் துணை வாசிக்கிறேன் என்று 3 கட்டையிலிருந்து 2 கட்டைக்கு இறக்கினால் தந்தியின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தளர்ந்த தந்தி அகலமாக ஆடும், மெட்டில் இடிக்கும். அது வீணையின் குற்றம் இல்லை. அந்தச் சுருதியில்தான் தொடர்ந்து வாசிப்பீர்கள் என்றால் கொஞ்சம் தடித்த தந்தி போட்டால் தீர்ந்துவிடும்.

அடுத்து தந்தியின் மேல் விரலை ஓட்டுங்கள். சாரணியில் (முதல் தந்தியில்) துருவோ சொரசொரப்போ தட்டினால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். வாசிக்கும் நாலு தந்திகளில் சாரணி, பஞ்சமம் போக மிச்சமுள்ள மந்தரமும் அனுமந்தரமும் கம்பி சுற்றிய தந்திகள். அந்தச் சுற்று எங்காவது நெகிழ்ந்தால் தந்தி தனக்குள்ளேயே ‘ஜிர்’ரிடும், எந்த மெட்டில் வைத்தாலும் அதே ஒலிதான். புதுத் தந்தியிலும் இது நடக்கும். போடும்போது கூர்மையாக மடங்கிவிட்டால் அந்த இடத்தில் சுற்று பிளந்துகொள்ளும். பிரடையில் (தந்தியை முறுக்கும் ஆணியில்) சுற்றியது போக மிச்சம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி பக்கத்துத் தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் அடிக்கடி மாட்டுவது இதுதான்.

மீட்டும் முறையையும் ஒருமுறை கவனியுங்கள். தந்தியை மெட்டை நோக்கிக் கீழே அமுக்கி விட்டால் எந்த வீணையும் இரையும். இடது கை விரல் மெட்டுக்கு மிகவும் பின்தங்கி, மேருப் பக்கமாக நகர்ந்திருந்தாலும் அப்படித்தான்.

ஒரே ஸ்வரம், மூன்று இடம்

குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்தில் மட்டும் இரைச்சல் என்றால் அது மெட்டின் தவறா, தளர்ந்த உறுப்பின் தவறா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். மேருவிலிருந்து எண்ணினால் சாரணியில் 7-ஆம் மெட்டு பஞ்சமம். அதே உயரத்துப் பஞ்சமம் பஞ்சமத் தந்தியில் 12-ஆம் மெட்டிலும், மந்தரத்தில் 19-ஆம் மெட்டிலும் கிடைக்கும். மூன்று இடத்திலும் வாசித்துப் பாருங்கள். சாரணியின் 7-இல் மட்டும் இரைந்தால் மெட்டைச் சந்தேகிக்கலாம். மூன்றிலும் இரைந்தால் மெட்டுக்குச் சம்பந்தமே இல்லை. வீணையில் ஏதோ ஒன்று அந்தப் பஞ்சமத்துக்குக் கூடவே அதிர்கிறது.

அது எது என்று தேட இன்னொருவர் துணை வேண்டும். நீங்கள் அதே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுங்கள். அவர் ஒவ்வோர் உறுப்பாக விரலால் அழுத்திப் பிடிக்கட்டும். எதைப் பிடித்ததும் ஒலி நிற்கிறதோ அதுதான்.

முதலில் பக்கவாட்டில் ஓடும் தாளத் தந்திகள் மூன்றையும் ஒரு துணியால் சேர்த்து அணையுங்கள். நீங்கள் சாரணியில் ஷட்ஜம் வாசித்தால் அவை தாமாகவே அதிரும், பக்கத்து வளைவுக் குதிரையில் உரசும். துணி வைத்ததும் இரைச்சல் போய்விட்டால், அந்த வளைவில் தந்தி படும் இடத்தைத் துடையுங்கள். பிறகு வளைவு பெரிய குதிரையோடு இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா, ஆடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது லங்கர். நுண் சுருதிக்கு ஏற்றி இறக்கும் வளையங்கள் தேய்ந்து லொடலொடத்தால் இரைச்சல் வரும். லங்கர் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டாலும் வரும். தொடும் இடத்தில் தடித்த நூலை நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டால் போதும். பிறகு தண்டிக்கு (வீணையின் நீண்ட கழுத்துக்கு) அடியில் இருக்கும் சுரைக்காய். தண்டியோடு அதைப் பிணைக்கும் திருகை இறுக்கிப் பாருங்கள். இறுக்கியும் ஆடினால் இடையில் ஒரு துணி வளையம் வைக்கலாம். பிளாஸ்டிக் அலங்காரப் பட்டைகள் ஓரத்தில் தூக்கியிருக்கும். அடியில் ஒரு துளி ஃபெவிகால் விட்டு, காகித நாடாவால் அழுத்தி ஒட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். உடனே ஒட்டும் பசை வேண்டாம். வழிந்தால் பாலிஷ் வெளுத்துப்போகும். காண்டாக்ட் மைக் ஒட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை வாசியுங்கள். அதன் வயர் மேல்பலகையைத் தொட்டு அதிர்வது உண்டு.

எதுவும் அகப்படவில்லை என்றால் குடத்தையும் மேல்பலகையையும் விரல் மூட்டால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் உடைந்த பானை மாதிரி கேட்டால் அங்கே கீறலோ விட்டுப்போன ஒட்டோ இருக்கும். ஒட்டு வீணையில் குடமும் தண்டியும் சேரும் இடத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையில் அந்த வம்பு இல்லை, ஆனால் மேல்பலகை அதிலும் தனியாக ஒட்டியதுதான்.

குதிரை

குதிரை ஒட்டப்பட்டிருக்காது. தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஆகவே எந்த வேலைக்கும் முன்னால் அதன் கால்களைச் சுற்றிக் காகித நாடா ஒட்டி, பென்சிலால் எல்லைக் கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோடு போடாமல் ஏழு தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்தவே கூடாது. குதிரை சாய்ந்துவிட்டால் 24 மெட்டின் சுருதியும் அதோடு போய்விடும்.

காலடியில் தாள் துண்டை நுழைத்துப் பாருங்கள். எங்கேயும் நுழையக் கூடாது. நுழைந்தால் அந்தக் கால் முழுதாக உட்காரவில்லை என்று பொருள். உப்புத்தாளை மேல்பலகையில் சொரசொரப்பு மேலே பார்க்கும்படி விரித்து, அதன் மேல் குதிரையை முன்னும் பின்னுமாக நாலைந்து முறை இழுத்தால் பலகையின் வளைவுக்கு ஏற்பக் கால் தேய்ந்து படியும். அளவு முக்கியம். அதிகம் தேய்த்தால் தந்தியின் உயரம் இறங்கி, இல்லாத இரைச்சலும் வந்து சேரும்.

அடுத்தது தகடு. மரக் குதிரையின் மேல் அரக்குப் போன்ற பிசின் வைத்து ஒட்டியிருப்பார்கள். காய்ந்து விட்டுப்போனால் தகடு தனியாக அதிரும். நகத்தால் தட்டினால் ஒட்டிய இடத்தில் ‘டக்’கென்று கெட்டியாகவும், விட்ட இடத்தில் பொள்ளலாகவும் கேட்கும். தகட்டின் ஓரத்தைக் குச்சியால் அழுத்திக்கொண்டே மீட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் ஐயமில்லை.

தகடு கெட்டியாக இருந்தும் இரைச்சல் எல்லா மெட்டிலும் தொடர்கிறது என்றால் தந்தி படும் தடத்தைப் பார்க்க வேண்டும். கமகத்துக்காகச் சாரணியை இழுத்து இழுத்து, அதன் கீழே பள்ளம் விழுந்திருக்கும். அதில் அழுக்கும் சேரும். சாரணியை மட்டும் தளர்த்தி ஓரமாக ஒதுக்கிவிட்டுத் துணியால் துடைத்து, 1200 உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்து, மறுபடி ஏற்றுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

ஐயம் இருந்தால் நூல் சோதனை செய்யலாம். தகட்டின் மேருவைப் பார்த்த விளிம்பில், தந்திக்கு அடியில் ஒரு பருத்தி நூலை நுழையுங்கள். தந்தி தகட்டின் வளைவை விட்டு எழும்பி நூலின் மேல் உட்காரும். இப்போது இரைச்சல் முழுக்கப் போய்விட்டால் கோளாறு தகட்டில்தான். போகவில்லை என்றால் தகட்டை விட்டுவிடலாம். தம்பூராவில் இதே நூலை ‘ஜீவா’வுக்காக, இரைய வைப்பதற்கென்றே வைக்கிறோம், இங்கே இரைச்சலை அடக்கப் பயன்படுகிறது. நூலின் இடம் ஓர் இம்மி நகர்ந்தாலும் விளைவு தலைகீழாகும் என்பதால் விளிம்பிலேயே வையுங்கள்.

தகட்டில் பள்ளம் ஆழமாக இருந்தால் வீட்டில் அரம் போட வேண்டாம். அந்த வளைவை அமைப்பது தனிக் கலை. ஐந்து நிமிடத்தில் வீணையின் குரலையே மாற்றிவிடலாம், திரும்பக் கொண்டுவர முடியாது.

மேரு

வெறும் தந்தியில் இரைச்சல், முதல் மெட்டிலிருந்து சுத்தம் என்றால் மேருவைப் பாருங்கள். தந்தி உட்காரும் வெட்டு ஆழமாகிவிட்டால் தந்தி முதல் மெட்டில் தட்டும். வெட்டு அகன்றுவிட்டால் அதற்குள்ளேயே ஆடி ‘ஜிர்’ரிடும். வெட்டுக்குள் ஒரு தாள் துண்டை மடித்து வைத்து மீட்டுங்கள். தெளிந்தால் நோய் தெரிந்துவிட்டது. கச்சேரி நாளன்று அந்தத் தாளோடே சமாளிக்கலாம், ஒலி சற்று மந்தமாக இருக்கும். நிலையான சிகிச்சை வெட்டை நிரப்பிப் புதிதாக அறுப்பதுதான்.

மெட்டு

வீணையின் மெட்டுகள் தண்டியில் அடிக்கப்பட்டவை அல்ல. தண்டியின் இரு ஓரத்திலும் வரப்பு மாதிரி கட்டிய மெழுகின் மேல் 24 உலோகப் பட்டைகள் பாலம்போல் கிடக்கின்றன. தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்த கலவை அது. தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் என்றாலும், 40 டிகிரிக்குள்ளேயே கைக்கு இளகத் தொடங்கிவிடும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 50 டிகிரியை எளிதாகத் தாண்டும். தந்தி அழுத்திக்கொண்டே இருக்க, மெட்டு மெல்ல மெல்லப் புதையும். சித்திரை வெயிலில் வீணையை டிக்கியில் வைத்துவிட்டு ஓட்டலில் சாப்பிடப் போவது மேளத்துக்குச் செய்யும் பெரிய துரோகம்.

முதலில் மொத்த வடிவைப் பாருங்கள். சாரணியை ஒருவர் முதல் மெட்டிலும் 24-ஆம் மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தட்டும். இழுத்துக் கட்டிய தந்தியைவிட நேரான கோடு கிடையாது. 12-ஆம் மெட்டின் மேல் ஒன்றிரண்டு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் சரி. தாளை மடித்து மடித்து எட்டு பத்து அடுக்கு நுழைகிறது என்றால் தண்டி குழிந்திருக்கிறது, அல்லது நடு மெட்டுகள் வரிசையாக இறங்கியிருக்கின்றன. நடு மெட்டே தந்தியைத் தூக்கிப் பிடித்தால் அங்கே புடைத்திருக்கிறது. இவை வீட்டில் தீராது. இந்தக் கோடு சரியாக இருந்தும் குடத்தை நெருங்க நெருங்க இரைச்சல் கூடினால், குதிரைக்குப் பக்கத்தில் மேல்பலகையின் குறுக்கே ஸ்கேலை நிறுத்தி அடியில் டார்ச் அடியுங்கள். ஸ்கேலின் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பலகை உள்வாங்கியிருக்கிறது. குதிரையும் அதோடு இறங்கியிருக்கும்.

ஓரிரு மெட்டில் மட்டும் கோளாறு என்றால் நீங்களே பார்க்கலாம். சாரணியில் 5-ஆம் மெட்டு, அதாவது சுத்த மத்தியமம் இரைகிறது, மற்றவை சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். 5-இல் விரல் வைத்தால் தந்தி தட்டக்கூடிய இடம் குடத்துப் பக்கம் அடுத்திருக்கும் 6. ஆகவே 6 தூக்கியிருக்கலாம், அல்லது 5 புதைந்திருக்கலாம். தந்திகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, ஏ.டி.எம். கார்டின் நீள விளிம்பை 5, 6, 7 மூன்றின் மேலும் நிறுத்துங்கள். கார்டு 6-ஐ அச்சாக வைத்து சீசா பலகை மாதிரி ஆடினால் இரண்டில் ஒன்று உறுதி. எது என்று பிரிக்க 6, 7, 8-இன் மேல் நிறுத்தி டார்ச் அடியுங்கள். 7-க்கு மேல் வெளிச்சக் கீற்றுத் தெரிந்தால் 6 உயர்ந்தது; தெரியாவிட்டால் 5 புதைந்தது. மேருவை ஒட்டிய மூன்று மெட்டுக்குக் கார்டின் முழு நீளமும் தேவைப்படும். குடத்துப் பக்கத்தில் மூன்று மெட்டுக்கு 3 செ.மீ. போதும், அங்கே நீளமான விளிம்பு நாலாவது மெட்டில் ஏறிப் பொய் சொல்லும், ஆகவே ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இதை மெட்டின் இரண்டு ஓரத்திலும் செய்ய வேண்டும். நேரே மீட்டினால் சுத்தம், இழுத்தால் மட்டும் இரைச்சல் என்ற புகாருக்குக் காரணம் இதுதான்: ஒரு பக்க வரப்பில் மட்டும் மெட்டு புதைந்து சாய்ந்திருக்கும். இழுத்த தந்தி அந்தப் பக்கம் போனதும் அடுத்த மெட்டைத் தொடும்.

மெட்டின் மேல் சாரணி பதித்த தடம் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். லேசான தடம் என்றால் 800, பிறகு 1200 உப்புத்தாளால் மெட்டின் நீளவாக்கில் தேய்த்து மழுங்கச் செய்யலாம். சுற்றிலும் நாடா ஒட்டிவிடுங்கள், உலோகத்தூள் மெழுகில் பதிந்தால் எடுக்க வராது. நகம் சிக்கும் ஆழம் இருந்தால் மெட்டையே மாற்ற வேண்டும்.

உயர்ந்த மெட்டை இறக்குவது இப்படி. சால்டரிங் அயர்னின் நுனியை மெழுகில் வைக்கக் கூடாது, மெட்டின் உலோக ஓரத்தில் வைக்க வேண்டும். 10 விநாடி வைத்து எடுங்கள், மூங்கில் குச்சியால் மேலிருந்து மெல்ல அழுத்துங்கள். அசையவில்லை என்றால் இன்னும் 5 விநாடி. உலோகம் வழியே போகும் சூடு அதன் அடி மெழுகை மட்டும் இளக்கும். பக்கத்து மெட்டு தப்பிக்கும். முடி உலர்த்தும் கருவியால் ஊதினால் நாலு மெட்டு சேர்ந்து நெகிழும். மெழுகுவத்தி, லைட்டர் பக்கமே போகாதீர்கள். மெழுகு தீப்பிடிக்கும், பாலிஷ் கருகும். அழுத்திய பின் 10 நிமிடம் ஆறவிட்டுத்தான் கார்டை மறுபடி வைக்க வேண்டும். சூட்டோடு பார்த்தால் அளவு ஏமாற்றும்.

புதைந்த மெட்டைத் தூக்குவது இதைவிடக் கடினம். இரண்டு ஓரத்தையும் மாறி மாறிச் சூடாக்கி, மெல்லிய கத்தி முனையால் நெம்பி, அடியில் அரிசியளவு மெழுகைத் திணித்து, பிறகு மேலிருந்து சரியான உயரத்துக்கு அழுத்த வேண்டும். புதைந்தது ஒன்றுதானே, பக்கத்தில் இருப்பதை இறக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். 6-ஐ இறக்கினால் 7 இடிக்கும், 7-ஐ இறக்கினால் 8. குடம் வரைக்கும் போய்ச் சேர்வீர்கள்.

கடைசியில் சுருதி. தந்திகளை ஏற்றி, தொட்ட மெட்டைக் கருவியில் பாருங்கள். மெட்டு மேருப் பக்கம் நகர்ந்தால் சுருதி இறங்கும், குதிரைப் பக்கம் நகர்ந்தால் ஏறும். உயரம் கூடினாலும் சற்று ஏறும். சாரணியில் பார்த்தால் போதாது, மந்தரத்திலும் பாருங்கள். ஒன்றில் சரியாகவும் மற்றதில் பிசகாகவும் இருந்தால் மெட்டு குறுக்கே கோணலாக நிற்கிறது. கோணிய முனையை மட்டும் மறுபடி சூடாக்கித் திருப்புங்கள். தொட்டது 12-ஆம் மெட்டாக இருந்தால், வெறும் தந்தியின் ஷட்ஜத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே நிற்க வேண்டும்.

நாலைந்து மெட்டுக்கு மேல் கோளாறு என்றால், அல்லது மெழுகு வெடித்து உதிர்கிறது என்றால், ஒவ்வொன்றாக ஒட்டுப்போடுவதில் பயனில்லை. முழுதாக மேளம் கட்டக் கொடுத்துவிடுங்கள். கொண்டுபோகும்போது எந்தத் தந்தியில் எந்த மெட்டு, மீட்டும்போதா இழுக்கும்போதா, எந்தச் சுருதியில் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். வீணையை விடியற்காலையில் எடுத்துப் போங்கள்.